டிராக் பந்தயத்துக்குப் போகும் பழைய வண்டி: முதலில் பிரேக், பிறகுதான் இன்ஜின்

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என்று பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுவதும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் மீதுள்ள பற்று இன்றும் குறையவில்லை. 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100, 1980-களில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் 350, மைசூரில் தயாரான யெஸ்டி ரோட்கிங் ஆகியவை பல வீடுகளில் அப்பா ஓட்டிய வண்டியாக, பெரியப்பா விட்டுச்சென்ற வண்டியாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட என்னிடம் இளைஞர்கள் அடிக்கடி வைக்கும் வேண்டுகோள், “அண்ணா, டிராக் ரேஸுக்கு வண்டியை ரெடி பண்ணித் தரணும்” என்பது. அந்த ஆசையை நான் ஒருபோதும் தடுப்பதில்லை. ஆனால் கேட்பவர்களில் ஏறக்குறைய எல்லோருமே இன்ஜினை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள். முப்பது, நாற்பது ஆண்டு பழைய வண்டியில் நாம் கடைசியாகத் தொட வேண்டியது இன்ஜின். முதலில் பார்க்க வேண்டியவை பிரேக், டயர், செயின், கேபிள் ஆகியவை. இந்த வரிசையை மாற்றிச் செய்வதால் என்ன நடக்கும் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

டிராக் (drag) பந்தயம் என்பது நின்ற நிலையிலிருந்து கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, நேர்கோட்டில் கடக்கும் போட்டி. அமெரிக்காவில் சாலைகளில் போட்டிபோட்ட இளைஞர்களுக்கு மாற்று இடம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தபோது, 1950-இல் கலிபோர்னியாவின் சான்டா ஆனா விமானத் தளத்தில் கட்டணம் வாங்கி இந்தப் பந்தயத்தை முறையாக நடத்தத் தொடங்கினார்கள். நம் பக்கத்திலும் மோட்டார் பந்தயம் சோழவரத்தில் இருந்த போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் வேரூன்றியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக்கு இடம்பெயர்ந்தது. வேலூரிலிருந்து சென்னை நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போனால் அந்தக் களம் வந்துவிடும். இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்கும் உரிமத்துடன் அங்கே நடக்கும் போட்டிகளில் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. ஆம்புலன்ஸ், தீயணைப்பு ஏற்பாடு, பந்தயத்துக்கு முன் வண்டிச் சோதனை, முடிவுக்கோட்டைத் தாண்டியபின் வேகத்தைக் குறைக்க வெற்றுப்பாதை ஆகிய நான்கும் அங்கே கிடைக்கும். சத்துவாச்சாரியை ஒட்டிய சர்வீஸ் சாலையிலோ, பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு அப்பால் விடியற்காலையில் காலியாகத் தெரியும் நெடுஞ்சாலையிலோ இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது.

பொதுச்சாலையில் அரசின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், மறுமுறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அது சொல்கிறது. ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவரானால், 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைக்குப் போக நேரிடும். சட்டத்தை விடவும், முதுகுத்தண்டில் அடிபட்டால் வாழ்க்கை எப்படி மாறும் என்பது வேலூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 1954-இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்து, தம்மைப் போன்றவர்களுக்காக 1966-இல் மறுவாழ்வு மையம் உருவாக உழைத்தது இந்த ஊரில்தான். ஓட்டுபவருக்கும் எதிரே வருபவருக்கும் அந்த நிலை வரக் கூடாது என்பதால், சாலையில் ஓட்டிப் பார்ப்பதற்காக வண்டியைத் தயார் செய்யச் சொல்பவர்களுக்கு நான் வேலை செய்து தருவதில்லை.

இனி பிரேக். ஆர்எக்ஸ் 100 வண்டியின் அதிகபட்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நகரத்தில் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் திருப்தியாக நிற்கும் அதே வண்டி, இரண்டு மடங்கு வேகத்தில் நான்கு மடங்கு ஆற்றலைச் சுமந்து ஓடுகிறது. அந்த ஆற்றல் முழுவதையும் சிறிய டிரம்முக்குள் இருக்கும் இரண்டு பிரேக் ஷூக்கள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். ராஜ்தூத் 350 இன்னும் கவனத்துக்குரியது, ஏனெனில் ஜப்பானிய மூல வண்டியில் இருந்த முன்சக்கர டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு இங்கே டிரம் பிரேக்குடன்தான் அதை விற்றார்கள்.

பட்டறைக்கு வரும் பழைய வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது பிரேக் பிளேட்டுக்கு வெளியே இருக்கும் சிறிய நெம்புகோலை. பிரேக்கை முழுவதும் அழுத்தும்போது அந்த நெம்புகோலும் அதை இழுக்கும் கேபிளும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். ஷூ தேய்ந்துபோனால் நெம்புகோல் அந்தக் கோணத்தைத் தாண்டிச் சாய்ந்துவிடும், பிடிப்பும் குறையும். புது ஷூ போடாமல், நெம்புகோலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால், வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் உள்ளே ஷூக்களை விரித்துத் தள்ளும் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, பலமாக அழுத்தும் ஒரு தருணத்தில் மீளாமல் சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும். பழைய வண்டிகளில் இந்தக் குறுக்குவழி மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. ஆகவே சக்கரத்தைக் கழற்றித் திறந்தே பாருங்கள். டிரம்மின் உட்புறத்தை விரல் நகத்தால் தடவினால் விளிம்பில் ஒரு மேடு தட்டுப்படும். அது உயரமாக இருந்தால் டிரம் தேய்ந்துவிட்டது என்று பொருள். லேத்தில் கொடுத்துச் சீராகக் கடைந்து, புது ஷூவை அந்த வட்டத்துக்கு ஏற்பத் தேய்த்துப் பொருத்திய பின், கேபிளையும் புதிதாக மாற்ற வேண்டும். இந்த வேலைக்கு ஆகும் செலவு இழுவையைக் கூட்ட மாட்டும் எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. இருந்தும் சைலன்சரைத்தான் முதலில் வாங்கி வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் வெட்டுக்கோடுகள்) ஆழமாக இருக்கிறது என்று சொல்பவர்கள், பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பார்க்க வேண்டும். 2314 என்றிருந்தால் அது 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். வண்டி ஓடாமல் கொட்டகையில் நின்றிருந்தாலும் அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். மேலும், வீடியோக்களில் வரும் டிராக் வண்டிகளைப் பார்த்துப் பின்டயரில் காற்றை வெகுவாகக் குறைத்துவிடுகிறார்கள். நம் பழைய வண்டிகளின் ஸ்போக் சக்கரத்துக்குள் இருப்பது டியூப். காற்று குறைந்தால், புறப்படும் வேகத்தில் டயர் ரிம்மின் மேல் நழுவிச் சுற்றும். டியூபும் சேர்ந்து இழுபட்டு வால்வு அடியோடு பிய்ந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் வால்வு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். அது சாய்ந்திருந்தால் அடுத்த ஓட்டத்துக்கு வண்டியை எடுக்கக் கூடாது. செயினைப் பொறுத்தவரை, செயின் லாக் எப்போதும் புதிதாக இருக்கட்டும், அதன் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கட்டும். ஆக்சிலேட்டரை முறுக்கிக் கையை எடுத்தால் அது தானாகவே பட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பி வைத்தும் இதைச் சோதியுங்கள். கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்), ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ், சக்கர பேரிங் ஆகிய மூன்றிலும் ஆட்டம் இருக்கவே கூடாது. ஓட்டுநரின் மணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டவுடன் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சைத் தவறாமல் பொருத்துங்கள்.

இத்தனையும் முடிந்த பிறகு இன்ஜினுக்கு வரலாம். வரும்போதும் போர்ட்டிங் வேலையில், அதாவது சிலிண்டரின் வாயு வழிகளைக் குடைவதில், தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆர்எக்ஸ் 100 இன்ஜின் சிலிண்டரின் மூலத் துளை 50 மி.மீ.; பல முறை போரிங் செய்தோ (துளையைப் பெரிதாக்கியோ) ஸ்லீவ் (உள்ளுறை) போட்டோ வந்திருக்கும் இந்தச் சிலிண்டர் பிளாக்குகளில் இன்று மூல நிலையில் இருப்பவை அரிது. கையில் நல்ல பிளாக் இருந்தால் அதைக் குடையாமல் பாதுகாத்து வையுங்கள், ஒருமுறை குடைந்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. முதல் பருவம் முழுவதும் வண்டியை அது பிறந்த 11 குதிரைத்திறனிலேயே ஓட்டினால், புறப்படுவதையும் கியர் மாற்றுவதையும் நிறுத்துவதையும் ஓட்டுநர் கற்றுக்கொள்வார்.

கார்புரேட்டர் மட்டும் விதிவிலக்கு, ஏனெனில் அதைச் சரிசெய்யாமல் போனால் மூல நிலையில் உள்ள இன்ஜினும் சீஸ் ஆகிவிடும், அதாவது பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரில் கவ்வி நின்றுவிடும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது எரிபொருள். இந்த வண்டிகள் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) அளவு தீர்மானிக்கப்பட்டவை. அந்தப் பெட்ரோலில் ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு 13.5 பங்கே போதும். அதாவது பழைய ஜெட்டையே வைத்துக்கொண்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்துவிடும். இரண்டாவது நம் ஊர் வெயில். வேலூரில் 40 டிகிரி வெயிலில் ஜெட் பார்த்துவிட்டு, இருங்காட்டுக்கோட்டையில் 25 டிகிரி இருக்கும் காலை வேளையில் ஓட்டினால், குளிர்ந்த காற்றின் அடர்த்தி மட்டுமே 5 விழுக்காடு கூடியிருக்கும். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் உயரத்திலும் அந்தக் களம் தாழ்வான சமவெளியிலும் இருப்பதால் இன்னும் 2 விழுக்காடு கூடும். காற்று மிகுந்த கலவையில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், சீஸ் ஆவதற்குச் சற்று முன்புவரை மிக நன்றாக இழுப்பதுபோலத் தோன்றும் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. ஆகவே மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, படிப்படியாக இறங்கி வாருங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் காப்பிக் கொட்டை நிறத்துக்கு வந்தால் சரி. வெளுத்துக் கிடந்தால் உடனே பெரிய ஜெட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

முடிவுக்கோட்டைத் தாண்டும் நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு 2டி ஆயிலை (இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயிலை)ப் பெட்ரோலில் கலந்தே ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது. முழு வேகத்தில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடினால் பெட்ரோல் நின்றுவிடும், ஆயிலும் நின்றுவிடும். ஆனால் பின்சக்கரம் இன்ஜினை அதே வேகத்தில் சுழற்றிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் அந்தச் சில வினாடிகளில்தான் கவ்விக்கொள்கிறது, சக்கரமும் கூடவே பூட்டிக்கொள்கிறது. கோட்டைத் தாண்டியதும் கிளட்ச்சைப் பிடியுங்கள், பிறகு ஆக்சிலேட்டரை மூடுங்கள், இரண்டு பிரேக்கையும் படிப்படியாக அழுத்துங்கள். நான்கு விரலில் இரண்டு விரல் ஓட்டம் முழுவதும் கிளட்ச் லீவரின் மேலேயே இருக்கட்டும்.

புறப்படும் இடத்தில் புதியவர்கள் பச்சை விளக்கை எண்ணிப் பதற்றப்படுகிறார்கள். முன்சக்கரம் புறப்படும் கோட்டின் குறுக்கே பாயும் ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் 402 மீட்டருக்கான நேரம் ஓடத் தொடங்குகிறது. பச்சை விழுந்து சற்றுத் தாமதமாகப் புறப்பட்டாலும் உங்கள் ஓட்ட நேரம் கெடாது. எதிராளியை வெல்வதற்குத்தான் பச்சை விழுந்தவுடன் புறப்படும் வேகம் தேவை, அது பிறகு வரும். இந்த வண்டிகளுக்கு எடை குறைவு, சக்கர இடைவெளியும் குறைவு. ஆகவே உடலை டேங்கின் மேல் நன்றாக முன்னுக்குக் கொண்டுவந்து, கிளட்ச்சைச் சீராக விட்டால் முன்சக்கரம் தூக்காது.

உடையைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று தோல் தொழிலில் பெயர்பெற்ற ஊர்களின் நடுவே வாழ்கிறோம். ஆனால் கடையில் தொங்கும் அழகு ஜாக்கெட்டின் மெல்லிய ஆட்டுத்தோல், தார்த்தரையில் உரசியவுடன் கிழிந்துவிடும். பந்தய உடைக்கு 1.2 மி.மீ.க்குக் குறையாத மாட்டுத்தோல், இரட்டைத் தையல், முதுகுக்கும் முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்புத் தட்டு ஆகியவை வேண்டும். முழுமுகத் தலைக்கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ், கையுறை ஆகியவை இல்லாமல் வருபவரைக் களத்துக்குள் விடவும் மாட்டார்கள்.

வண்டிச் சோதனையில் ஆயில் கசிவு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது முற்றிலும் நியாயமானது. பாதையில் சிந்தும் ஒரு கரண்டி ஆயில் அடுத்து வரும் ஓட்டுநரைக் கீழே தள்ளிவிடும். டிரெயின் போல்ட்டைக் கம்பியால் கட்டிப் பூட்டுங்கள், கண்ணாடி, ஸ்டாண்டு போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள். வழக்கமான வண்டி இன்ஷூரன்ஸ் பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் மினி லாரியில் ஏற்றிப் போனால், ஏதாவது உடைந்தாலும் பத்திரமாக ஊர் திரும்பலாம்.

திரும்பிய பின் அதே வண்டியை மறுநாள் காட்பாடி பாலத்தின் மேல் ஓட்டப்போகிறீர்கள் என்றால், கழற்றிய கண்ணாடி, விளக்கு, ஸ்டாண்டு எல்லாவற்றையும் மாட்டி, பந்தயத்துக்காக ஸ்பிராக்கெட்டை மாற்றியிருந்தால் பழையதைத் திரும்பப் போட்டு, ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தளர்ந்தவற்றை முறுக்குங்கள். டேங்கில் மிஞ்சிய ஆயில் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் தண்ணீராகப் பிரிந்துவிடும், டேங்க் துருப்பிடிப்பதும் ஜெட் அடைப்பதும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அதை வடித்துவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்த பிறகே வண்டியைக் கொட்டகையில் நிறுத்துங்கள்.