எழுபத்திரண்டில் ஒரு பங்கு மிக்-21: எது சுருங்கும், எது சுருங்காது

பெங்களூர் முருகேஷ்பாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது தேஜஸ் போர் விமானம் போகும். சத்தம் வரும் திசையில் தேடினால் அங்கே இருக்காது, அதற்குள் ரொம்ப முன்னால் போயிருக்கும். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் ஓடுபாதைக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு விமான மாடல் செய்யாமல் இருக்க என்னால் முடியவில்லை. இப்போது மேஜையில் இருப்பது மிக்-21. 1963-ல் இந்திய விமானப்படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றதே, அதே விமானம்தான், 1/72 அளவில்.

ஏன் 72? ஆறடி மனிதன் என்றால் 72 அங்குலம். அவனை ஒரு அங்குலமாக்கினால் கிடைப்பதுதான் இந்த அளவு. 1936-ல் இங்கிலாந்தில் ஃப்ராக் நிறுவனம் பெங்குவின் என்ற பெயரில் பிளாஸ்டிக் கிட்டுகளைக் கொண்டுவந்தபோதே இதைத்தான் எடுத்துக்கொண்டது, இன்றுவரை நிலைத்துவிட்டது. மிக்-21-இன் இறக்கை அகலம் 7.15 மீட்டர், அதை 72-ஆல் வகுத்தால் 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நீளம்தான் 72-ஆல் குறைகிறது, பரப்பு 5,184-ஆல் குறையும், கன அளவு 3,73,248-ஆல் குறையும். ஆனால் பெயின்ட்டின் துகள் குறையாது, தண்ணீரின் பரப்பு இழுவிசை குறையாது, ட்யூப்லைட் குறையாது. மாடல் செய்வதில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தச் சுருங்காத சாமான்களால் வருபவை என்பதுதான் என் கட்சி. அதைப் புரிந்துகொண்டு செய்தால் பாதி வேலை தானாக நடக்கும்.

முதலில் ஒட்டுவது. கிட்டில் வரும் பாகங்கள் பாலிஸ்டைரீன். தெர்மாகோலும் இதே பொருள்தான், அது காற்றடைத்து உப்பவைத்தது. சின்ன வயதில் தெர்மாகோல் மேல் பெட்ரோல் சொட்டு விட்டு அது கரைந்து உள்ளே போவதைப் பார்த்திருப்பீர்கள். மாடல் பசையும் அதே வேலையைத்தான் செய்கிறது. அதில் ஒட்டும் பொருள் என்று பெரிதாக எதுவும் கிடையாது, அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் மாதிரி கரைப்பான்கள்தான். இரண்டு பாகங்களின் விளிம்பையும் அது இளக்கும். பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே புகுந்து பின்னிக்கொள்ளும், சுடச்சுட இரண்டு இடியாப்பத்தை ஒன்றோடொன்று அழுத்தினால் ஆறிய பிறகு பிரிக்க முடியாதே, அந்த மாதிரி. அப்புறம் கரைப்பான் ஆவியாகிப் போய்விடும், மிஞ்சுவது ஒரே துண்டு பிளாஸ்டிக். ஆக இது ஒட்டுவதைவிடப் பற்றவைப்பதற்குத்தான் நெருக்கம்.

மெல்லிய பசையாக இருந்தால் பாகங்களை முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் இணைப்பில் ஒரு இடத்தில் தொட்டால் போதும். இடுக்கு வழியாக அது தானே ஓடும். நுண்துளை ஏற்றம் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். ஆனால் அந்த இடுக்கு மேல் உங்கள் விரல் இருந்தால் விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவிலும் ஓடும். என் மிக்-21-இன் முதுகில், காக்பிட்டுக்குப் பின்னால், என் கட்டைவிரல் ரேகை அப்படியே அச்சாகிவிட்டது, சுழி கூடத் தெரிந்தது. துடைக்கக் கூடாது, துடைத்தால் இளகிய பிளாஸ்டிக் இழுபடும். இரண்டு நாள் காயவிட்டு, 600-ஆம் எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு 1000, பிறகு 2000 என்று போய்தான் சரியானது. இடைவெளி இருக்கும் இடத்தில் பட்டி பார்க்க வேண்டும், வீட்டுச் சுவருக்குச் செய்கிற அதே வேலை, கையளவில்.

உடலின் இரண்டு பாதிகளையும் மூடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. சக்கரங்களை வைத்துச் சும்மா நிறுத்திப் பார்த்தபோது அக்கா பையன், "மாமா, இது ஏன் பின்னாடி சாஞ்சு உக்காருது?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நிஜ விமானத்தின் காலி எடை ஏறத்தாழ ஐந்தரை டன். மூக்கில் ரேடார், மின்னணுக் கருவிகள், அதற்குப் பின்னால் காக்பிட் என்று பாரம் பிரிந்திருப்பதால் ஈர்ப்பு மையம் பின் சக்கரங்களுக்குக் கொஞ்சம் முன்னால் விழும். மாடலிலோ மூக்குக்குள் வெறும் காற்று. பிளாஸ்டிக் எங்கே அதிகம் என்றால் டெல்டா இறக்கையிலும் வாலிலும். வடிவத்தைச் சுருக்கினோம், எடை பரவியிருக்கும் விதத்தைச் சுருக்கவில்லை. மிக்-21-க்கு மூக்கில் காற்று உள்ளே போகும் வாயின் நடுவே ஒரு கூம்பு இருக்கிறது, அதற்குள் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைப் போட்டு அடைத்தேன். எவ்வளவு முன்னால் வைக்கிறோமோ அவ்வளவு குறைவாகப் போதும், சீசா விளையாட்டுக் கணக்குத்தான். எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்துக் கட்டி, பின் சக்கரம் வரும் இடத்தில் இரண்டு விரலில் தாங்கி, மூக்கு கீழே சாய்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடினோம். மூடிய பிறகு தெரியவந்தால் திறக்க வழியில்லை.

இனி பெயின்ட். இதில்தான் சுருங்காத பொருளின் தொல்லை அதிகம். தூரிகையால் இரண்டு மூன்று கோட் அடித்தால் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சுலபமாகப் போய்விடும். 72-ஆல் பெருக்கிப் பாருங்கள், நிஜ விமானத்தின் மேல் 7 மில்லிமீட்டர் தடிமனுக்கு அப்பியது போல. தகடுகளின் இணைப்பைக் காட்டச் செதுக்கிய கோடெல்லாம் மூடிப்போகும். அதனால்தான் பெயின்ட்டைக் காற்றால் தூவும் ஏர்பிரஷ்.

ஏர்பிரஷ்ஷில் 0.3 மில்லிமீட்டர் துளைக்குள் ஒரு ஊசி இருக்கும். ஊசியைப் பின்னால் இழுத்தால் பெயின்ட் எட்டிப் பார்க்கும். அதைச் சுற்றி வேகமாகப் பாயும் காற்றால் அந்த இடத்தில் அழுத்தம் குறையும், பெயின்ட் வெளியே இழுக்கப்படும், அதே காற்று அதைக் கிழித்துப் பொடிப்பொடித் துளிகளாக்கும். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய சின்னக் கம்ப்ரசர்தான் என்னிடம் இருக்கிறது, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். பெயின்ட் பால் பதத்துக்கு இருக்க வேண்டும் என்பார்கள், அது உண்மைதான், கிண்ணத்தின் ஓரத்தில் பூசினால் பால் போல வழிந்து இறங்க வேண்டும்.

துளி சிறியதாக ஆக ஆக, அதன் கன அளவோடு ஒப்பிட்டால் பரப்பு அதிகம், ஆகவே வேகமாகக் காயும். விட்டம் பாதியானால் காயும் நேரம் கால் பங்காகிவிடும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற பெங்களூரில், மார்ச் மதிய வெயிலில் காற்று நன்றாக உலர்ந்திருக்கும்போது, ஒரு சாண் தூரத்திலிருந்து அடித்தால் துளி போய்ச் சேரும் முன்பே பாதி காய்ந்துவிடுகிறது. விமானத்தின் மேல் அது பெயின்ட்டாக விழாது, மாவாக விழும், தடவினால் சொரசொரவென்று இருக்கும். கிட்டப் போய் அடிக்க வேண்டும், அல்லது மெதுவாகக் காயும் தின்னர் சேர்க்க வேண்டும். தாம்பரத்தில் இருக்கும் நண்பருக்கு நேர் எதிரான பிரச்சினை. ஐப்பசி மழையில் அவர் லாக்கர் வகைப் பெயின்ட் அடித்தால் பால் ஊற்றியது போல வெளுத்துப்போகும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படியும், அந்த ஈரம் பூச்சுக்குள் சிக்கி ஒளியைச் சிதறடிக்கும். ஒரே பெயின்ட், ஒரே கிட், ஊர் மட்டும்தான் வேறு. எந்த ஊராக இருந்தாலும் ஜன்னலைத் திறந்துவைத்து, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடி போட்டுக்கொண்டு அடியுங்கள், துணி முகமூடி இதற்கு உதவாது.

நான் அடித்தது வெள்ளி நிறம், பழைய மிக்-21-கள் வந்த புதிதில் இருந்த மாதிரி. உலோகப் பெயின்ட்டில் இருப்பது பொடிப்பொடி அலுமினியச் செதில்கள். அவை மீன் செதில் போலத் தட்டையாகப் படுத்தால்தான் எல்லாம் ஒரே பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்பும், உலோகம் என்று கண் நம்பும். அடித்தளம் சொரசொரப்பாக இருந்தால் ஒவ்வொரு செதிலும் ஒவ்வொரு பக்கம் சாயும், வெறும் சாம்பல் நிறம்தான் கிடைக்கும். அதனால் முதலில் பளபளக்கும் கறுப்பு அடித்து, அதில் முகம் தெரிகிற அளவுக்கு வந்த பிறகுதான் வெள்ளி. அதையும் ஒரே மூச்சில் மூடக் கூடாது, மூன்று நான்கு மெல்லிய கோட். வால் பக்கம், எஞ்சின் சூட்டில் வெந்த தகடுகளுக்கு மட்டும் கொஞ்சம் கறுப்பு கலந்தேன்.

விமானப்படையின் காவி, வெள்ளை, பச்சை வட்டம் டிகாலாக, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் படமாக வரும். தாளைத் தண்ணீரில் நனைத்தால் கீழே இருக்கும் பசை கரைந்து படலம் வழுக்கிக்கொண்டு வரும். மேட், அதாவது பளபளப்பில்லாத பரப்பில் ஒட்டினால் மேடுபள்ளங்களுக்கு நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும், படலத்துக்கும் காற்றுக்கும் ஒளி விலகல் எண் வேறு என்பதால் ஓரமெல்லாம் வெள்ளிப் பூஞ்சை பிடித்தது போல மின்னும். எனவே பளபளப்பான பரப்பில் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு மென்மையாக்கும் திரவம் தடவினால் படலம் கிழவியின் கை போலச் சுருங்கும். பயந்துபோய்த் தொடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் தானே படிந்து கோடுகளுக்குள் இறங்கிவிடும்.

கோடுகள் பற்றிச் சொல்ல வேண்டும். நிஜ விமானத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், மாடலில் அது தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்கு அகலம்தான் வர வேண்டும். அச்சில் அதை வார்ப்பது கஷ்டம், ஆகவே எல்லாக் கிட்டிலும் கோடு மிகை. அதற்குள் நீர்த்த கருநிறத்தைத் தொட்டுவிட்டால் அது கோடு முழுக்க ஓடி நிரம்பும், தலைகீழாகப் பிடித்தாலும் மேல்நோக்கி ஓடும். தண்ணீருக்கு ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டருக்குக் கீழே பரப்பு இழுவிசைதான் ராஜா, ஈர்ப்பு விசை தோற்றுவிடும், மற்ற திரவங்களுக்கும் அந்த எல்லை மில்லிமீட்டர் கணக்குதான். ஆனால் கறுப்பை அப்படியே போட்டு விமானத்தைக் கட்டம்போட்ட லுங்கி மாதிரி ஆக்குவது எனக்குப் பிடிக்காது. ஏற்கெனவே மிகையான கோட்டை இன்னும் மிகையாக்க என்ன தேவை? அடர் சாம்பல் போதும்.

நிறமும் அப்படித்தான். நிஜ விமானத்தின் நிறத்தை அதே டப்பாவிலிருந்து எடுத்து அடித்தாலும் மாடலில் இருட்டாகத் தெரியும். தூரத்தில் காற்றும் தூசியும் நிறத்தை வெளுக்கவைக்கும், அதை மாடலில் கொண்டுவர வேண்டும் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 30 சென்டிமீட்டரிலிருந்து மாடலைப் பார்ப்பது 21.6 மீட்டரிலிருந்து விமானத்தைப் பார்ப்பதற்குச் சமம், அந்தத் தூரத்தில் தூசி என்ன பெரிதாகச் செய்துவிடும்? வெளிச்சம்தான் காரணம் என்று நினைக்கிறேன். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், வீட்டுக்குள் சில நூறுதான். குறைந்த வெளிச்சத்தில் நிறங்கள் மங்கிக் கறுத்துத் தெரிவது கண்ணின் இயல்பு. எப்படியானாலும் ஒரு சொட்டு வெள்ளை கலப்பது சரிதான். பளபளப்புக்கும் இதே கதை. நாலடி ட்யூப்லைட்டின் பிம்பம் இறக்கையில் ஒரு கோடாக விழுகிறதே, அந்த அளவில் அது கிட்டத்தட்ட 88 மீட்டர் நீள விளக்கு. கடைசியில் அரை மேட் வார்னிஷ் அடித்தவுடன் அந்தக் கோடு கரைந்துபோனது, விமானம் சட்டென்று பெரிதாகத் தெரிந்தது.

மிச்சம் இருந்தது மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும், வேகம் அளக்க உதவும் பிட்டாட் குழாய். கிட்டில் வந்தது ஒரு மில்லிமீட்டர் தடிமன், கணக்குப் போட்டால் 7 சென்டிமீட்டர் கம்பம். அதை வெட்டிவிட்டு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய அரை மில்லிமீட்டர் ஊசியை மழுங்கடித்துப் பொருத்தினேன். உலோகத்தை மாடல் பசை கரைக்காது, சூப்பர் க்ளூதான் வேண்டும். அது இறுகுவதற்குக் காற்றிலும் பரப்பிலும் இருக்கிற துளி ஈரம் தேவை, உலர்ந்த மதியங்களில் தாமதமாகும். அக்கா பையன் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, கண்ணாடியில் ஆவி பிடிக்க ஊதுவது போல மெதுவாக ஒரு முறை ஊதினான். பிடித்துக்கொண்டது.