புது கேமிங் லேப்டாப்பும் பாளையங்கோட்டை வெயிலும்

வண்ணார்பேட்டைக் கடையில் ஒரு கேமிங் லேப்டாப்பை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருபவர், முதல் வேலையாக விளையாட்டைத் தரவிறக்கவே விரும்புவார். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: நம் அறையில் அந்த இயந்திரத்தால் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடியுமோ, அந்த அளவுக்குள் அதன் வேகத்தை அமைத்துக்கொள்வது. விளையாடத் தொடங்கிய சில நிமிடங்களுக்குப் பிறகு ஒரு கேமிங் லேப்டாப் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைப் பெரும்பாலும் அதன் குளிர்விப்பு அமைப்பே தீர்மானிக்கிறது. கத்திரி வெயில் காலத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை பின்னிரவு வரை அனலாகக் கிடக்கும் பாளையங்கோட்டையில் இதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

செயலியும் (CPU) விளையாட்டின் காட்சிகளை வரையும் வரைகலைச் செயலியும் (GPU) உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகிறது. கடுமையான விளையாட்டின்போது இரண்டும் சேர்ந்து 150 வாட்டுக்கும் மேலாக எடுத்துக்கொள்ளும் மாதிரிகள் உள்ளன. சில்லு (chip) எனப்படும் இரண்டு சிறிய சிலிக்கான் துண்டுகளில் பிறக்கும் இந்த வெப்பத்தை, அவற்றின் மேல் பதிந்திருக்கும் தட்டையான செம்புக் குழாய்கள் சுமந்து செல்கின்றன. காற்று நீக்கி மூடப்பட்ட அந்தக் குழாய்களுக்குள் மிகச் சிறிதளவு நீர் இருக்கிறது. அழுத்தம் குறைவாக இருப்பதால் அது 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகிவிடும். ஆவி குழாயின் மறுமுனைக்கு விரைந்து, அங்கு வரிசையாக நிற்கும் மெல்லிய உலோகத் தகடுகளிடம் வெப்பத்தை ஒப்படைத்துவிட்டு மீண்டும் நீராகிறது. இட்லிக் கொப்பரையின் மூடியில் ஆவி பட்டு நீர்த்துளியாவதும் இதே நிகழ்வுதான். ஆனால் கொப்பரையில் துளிகள் தம் எடையால் கீழே விழுகின்றன, இங்கோ குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதற்குக் காரணமான அதே நுண்புழை விசையால் நீரைச் சூடான முனைக்குத் திருப்பி அனுப்புகிறது. தகடுகளுக்கிடையே அறைக்காற்றைத் தள்ளி அந்த வெப்பத்தை வெளியே அனுப்புவது மின்விசிறியின் பொறுப்பு.

எனவே எல்லா வெப்பமும் கடைசியில் அறைக்காற்றில்தான் போய்ச் சேர வேண்டும். விசிறி ஒரே வேகத்தில் சுழலும்போது வெளியேறும் வெப்பம், சில்லுக்கும் அறைக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் அமையும். சில்லை 95 டிகிரி செல்சியஸ் வரை அனுமதிப்பதாகக் கொள்வோம். குளிரூட்டிய அறையில் காற்று 25 டிகிரி என்றால் வேறுபாடு 70. நம் அறையில் 38 டிகிரி என்றால் வேறுபாடு 57 மட்டுமே. அங்கே 100 வாட்டை வெளியேற்றிய அதே அமைப்பு, இங்கே சுமார் 81 வாட்டைத்தான் வெளியேற்றும். எஞ்சியது போக வழியில்லாததால், சில் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சற்றுக் குளிர்ந்ததும் கூட்டுகிறது, மறுபடியும் குறைக்கிறது. திரையில் காட்சி தடைபட்டுத் தடைபட்டு நகர்வதற்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு முக்கியக் காரணம். தலைக்கு மேலே சுழலும் விசிறி இதைச் சரிசெய்யாது. வியர்வை ஆவியாவதால் நம் உடல் குளிர்கிறது. லேப்டாப்புக்கு வியர்ப்பதில்லை, அதன் மேல் வீசுவது அதே 38 டிகிரிக் காற்றுதான்.

இதற்கான தீர்வு மின்னணுவியலின் ஓர் எளிய விதியிலேயே இருக்கிறது. சில்லின் இயக்கத்தில் செலவாகும் திறன், அதன் அதிர்வெண்ணுக்கும், அதாவது வேகத்துக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் (வர்க்கத்துக்கும்) நேர்விகிதத்தில் அமைகிறது. வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்க முடியும் என்பதால், இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்குவதாகக் கொண்டால் திறன் வேகத்தின் மும்மடிக்கு (கனத்துக்கு) ஏற்பக் குறையும். வேகத்தில் 7 விழுக்காட்டை விட்டுக்கொடுத்தால் வெப்பத்தில் சுமார் 20 விழுக்காடு மிச்சமாகிறது; நம் ஊர் வெயில் பறித்துக்கொள்வதும் ஏறத்தாழ அவ்வளவுதான்! உச்ச வேகத்தின் கடைசிச் சில படிகள்தான் மிக அதிக விலை கேட்பவை. ஆகையால் இயந்திரத்தை உச்ச வேகத்துக்குத் தள்ளும் ‘டர்போ’ என்ற பொத்தானை முதல் நாளே அழுத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வரைகலைச் செயலியை விண்டோஸுடன் இணைக்கும் மென்பொருளான வரைகலை டிரைவரின் அமைப்புப் பக்கத்தில், நொடிக்கு இத்தனை சட்டகங்கள் (frames, திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) என்று ஓர் உச்சவரம்பை வைப்பதே நல்ல தொடக்கம். 100 சட்டகங்கள் என்று வரம்பு வைத்தால், ஒவ்வொரு சட்டகத்தையும் முடித்தபின் கிடைக்கும் இடைவெளியில் சில் இளைப்பாறுகிறது, சட்டகங்களும் சீரான இடைவெளியில் வந்து சேர்கின்றன. விண்டோஸின் மின்திட்ட அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 99 விழுக்காடாக்கினால், பெரும்பாலான மாதிரிகளில் அதன் கூடுதல் வேகப் பாய்ச்சல் நின்றுவிடும். வரைகலைச் செயலியையே அதிகம் நம்பியிருக்கும் விளையாட்டுகளில் இதனால் ஏற்படும் இழப்பு சிறிது.

விண்டோஸ், டிரைவர், பயாஸ் (லேப்டாப்பை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஆகியவற்றின் புதுப்பிப்புகளை இதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனெனில் விசிறி எப்போது வேகமெடுக்க வேண்டும் என்ற கணக்கு பல மாதிரிகளில் பயாஸுடன் சேர்ந்தே வருகிறது. திரையின் புதுப்பிப்பு வீதத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: 144 ஹெர்ட்ஸ் திரை 60-இல் அமைந்திருந்தால், 6.9 மில்லிநொடிக்கு ஒருமுறை மாற வேண்டிய காட்சி 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் மாறும்.

பேட்டரிக்கும் வெப்பமே பகை. லித்தியம் அயனிக் கலம் முழு மின்னேற்றத்தில் இருக்கும்போது அதன் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கிறது. அந்நிலையில் கலத்துக்குள் அயனிகளைக் கடத்தும் மின்பகுபொருள் மின்முனைகளின் மேற்பரப்பில் மெல்லச் சிதைந்து படிகிறது, சூடு கூடக்கூட அந்த வினையும் விரைகிறது. எப்போதும் மின்னிணைப்பிலேயே இருந்து விளையாடப்படும் லேப்டாப் இந்த இரண்டு தீங்குகளுக்கும் ஒருசேர ஆளாகிறது. தயாரிப்பாளரின் மென்பொருளில் மின்னேற்றத்தை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி இருந்தால், அதை முதல் நாளே இயக்கிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தபின், ஒரு விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, அறையின் வெப்பநிலை, இரு சில்லுகளின் வெப்பநிலை, நொடிக்கான சட்டக எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்வது மிகவும் பயனுள்ளது. லேப்டாப் மேசைமீது, பின்பக்கம் சுவரை ஒட்டாமல் இருக்க வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை அடிப்பக்கத் துளைகளை அடைத்துவிடும், தரையில் விரித்த பாயின்மேல் வைத்தால் தரைத்தூசியை விசிறி நேராக உறிஞ்சும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று தென்காசியில் சாரலோடு வீசினாலும், நெல்லைக்கு வரும்போது வறண்டு புழுதியைத்தான் கிளப்புகிறது. அந்தப் புழுதி தகடுகளின் இடுக்குகளில் படிந்து காற்றின் வழியை அடைக்கிறது. ஆடி கழிந்தபின் அதே விளையாட்டை அதே வெப்பநிலையுள்ள அறையில் ஓட்டிப் பாருங்கள். சில்லின் வெப்பநிலை முதல் நாள் குறிப்பைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தால் தூசியை அகற்ற வேண்டும். அப்போது லேப்டாப்பை அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, விசிறியின் இறக்கைகள் சுழலாதபடி பிடித்துக்கொண்டு காற்றை ஊத வேண்டும், ஏனெனில் ஊதுகாற்றின் விசையால் கட்டுப்பாடின்றிச் சுழலும் விசிறியின் தாங்கி பழுதாகக்கூடும்.