கணக்கில் அரியர், ஜிபிஏ மட்டும் 9

ரிசல்ட் வந்ததும் கையில் கிடைத்த கிரேடுகளை வைத்து ஜிபிஏ (அந்த செமஸ்டரின் சராசரிப் புள்ளி) போட்டுப் பார்க்காத மாணவர் யாரும் இல்லை. அதில் பாதிப் பேர் போடுவது தப்புக் கணக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு பொறியியல் கல்லூரியில் வகுப்பு ஆலோசகராகவும் பிளேஸ்மென்ட் வேலையிலும் இருப்பதால் இதை ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறேன். கணக்கு தெரியாதவர்கள் இல்லை, மேட்ரிக்ஸ் போடுகிற பிள்ளைகள்தான். கிரெடிட் என்ற ஒன்றை, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடையை மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனின் (பாடத்திட்ட விதிமுறை) முதல் செமஸ்டரையே எடுத்துக்கொள்வோம். கணிதம் 4 கிரெடிட், ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், பைத்தான் நான்கும் தலா 3, பைத்தான் லேபும் இயற்பியல்-வேதியியல் லேபும் தலா 2, ஆங்கில லேபும் தமிழர் மரபும் தலா 1, ஆக மொத்தம் 22. ஓ கிரேடுக்கு 10 புள்ளி, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. ஒரு மாணவி கணிதத்தில் பி, இயற்பியலில் ஏ, வேதியியலில் ஏ பிளஸ், பைத்தானில் பி பிளஸ், மற்ற எல்லாவற்றிலும் ஓ வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பாடப் புள்ளிகளையும் கூட்டினால் 80, ஒன்பதால் வகுத்தால் 8.89. வீட்டில் ஸ்வீட் வாங்கிவிடுவார்கள்! ஆனால் சரியான கணக்கு அதுவல்ல. ஒவ்வொரு புள்ளியையும் அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அப்படிச் செய்தால் 186 வரும், அதை 22-ஆல் வகுத்தால் 8.45. ஒரு கிரெடிட் லேபில் வாங்கிய ஓவும் நாலு கிரெடிட் கணிதத்தில் வாங்கிய பியும் ஒரே எடை இல்லை. முதல் வகுப்பு வித் டிஸ்டிங்ஷனுக்கு 8.50 சிஜிபிஏ (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரி) வேண்டும் என்பதால் இந்தப் பெண் தான் தாண்டிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாள், உண்மையில் இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறாள்.

இனி, பெற்றோர்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அதே மாணவி கணிதத்தில் மட்டும் ஃபெயில், அதாவது யூ கிரேடு வந்துவிட்டது என்று வையுங்கள். ஜிபிஏ என்ன ஆகும்? 9.00. ஆமாம், கூடும். இங்கே அரியர் பாடம் கணக்கிலேயே சேராது, மேலே உள்ள புள்ளியும் போய்விடும், கீழே வகுக்கும் கிரெடிட்டும் போய்விடும், மிச்சம் 162-ஐ 18-ஆல் வகுப்பார்கள். யூவைப் பூஜ்யமாக வைத்து 22-ஆல் வகுத்திருந்தால் 7.36 வந்திருக்கும். அடுத்த முறை எழுதி சி கிரேடில் பாஸ் செய்தால் அந்த செமஸ்டர் 182-ஐ 22-ஆல் வகுத்து 8.27 ஆகிவிடும். "அரியர் எல்லாம் கிளியர் பண்ணிட்டேன் சார், சிஜிபிஏ ஏன் குறைஞ்சிருக்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அதனால் பிள்ளை 9 என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள், கூடவே எத்தனை கிரெடிட் முடித்திருக்கிறாய் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். கம்பெனிகள் அரியர் எத்தனை என்று தனியாகக் கேட்பதும் இதனால்தான், சிஜிபிஏயைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

சிஜிபிஏ போடும்போது வேறொரு தப்பு நடக்கும், எட்டு ஜிபிஏக்களைக் கூட்டி எட்டால் வகுத்துவிடுவார்கள். கடைசி செமஸ்டரில் பெரும்பாலும் புராஜெக்ட் மட்டும்தான், 10 கிரெடிட், அதில் ஓ வாங்குவதும் அபூர்வமில்லை. மொத்தம் 162 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம் (துறைக்குத் துறை கொஞ்சம் மாறும்). முதல் ஏழு செமஸ்டரிலும் 8.00 வைத்திருப்பவர் கடைசியில் 10 எடுத்தால் எட்டால் வகுக்கும் கணக்கில் 8.25, கிரெடிட்டோடு போட்டால் 8.12. விண்ணப்பத்தில் 8.25 என்று எழுதி, சான்றிதழ் சரிபார்ப்பில் 8.12 என்று தெரிந்தால் அது அறியாமை என்று எதிரில் இருப்பவர் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

"ஃபைனல் இயர்ல ஏத்திடுவேன்" என்பவர்களுக்கும் ஒரு கணக்கு. 110 கிரெடிட் முடிந்த நிலையில் 7.20 இருக்கிறது, இன்னும் 52 பாக்கி. 7.5-க்குக் கொண்டுவர அந்த 52-இலும் சராசரி 8.13 வேண்டும், முடியும். 8.0 ஆக்க வேண்டுமானால் 9.69 வேண்டும், அதாவது கிட்டத்தட்ட எல்லாப் பாடத்திலும் ஓ. நடக்காது என்று நான் சொல்வதில்லை, பேப்பரில் போட்டுக் காட்டிவிடுவேன். இதை நான்காவது செமஸ்டரிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் சிஜிபிஏயைச் சதவீதமாக மாற்றுவது. இதில் நடக்கும் கூத்து தனி. பத்தால் பெருக்குவது ஒரு வழி. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் சிஜிபிஏ இருந்த காலத்தில் வந்த 9.5-ஆல் பெருக்கும் வழக்கத்தைச் சிலர் இன்ஜினியரிங்குக்கும் இழுத்து வருகிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அட்டவணையில் 6.25 என்றால் 55 சதவீதம், 6.75 என்றால் 60, அதாவது 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்குவது. நம்முடைய 8.12 இந்த மூன்றிலும் முறையே 81.2, 77.1, 73.7 ஆகிறது. எது சரி? உங்களுக்குப் பட்டம் தரும் பல்கலைக்கழகம் எழுத்தில் என்ன சொல்கிறதோ அதுதான். மதிப்பெண் சான்றிதழின் பின்பக்கத்தையோ ரெகுலேஷனையோ பாருங்கள், இல்லையென்றால் தேர்வுப் பிரிவில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் சிஜிபிஏ என்று தனிக் கட்டம் இருந்தால் மாற்றவே வேண்டாம்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களும் இதே போலத்தான். அமெரிக்காவுக்காக 10-க்கு உள்ளதை 2.5-ஆல் வகுத்து 4-க்கு மாற்றாதீர்கள், அங்கே பல பல்கலைக்கழகங்கள் உங்கள் ஊர் அளவிலேயே எழுதச் சொல்கின்றன. ஜெர்மனியில் பவேரியன் சூத்திரம் என்று ஒன்று உண்டு: அதிகபட்சத்திலிருந்து உங்கள் சிஜிபிஏயைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். பாஸ் அளவு 5 என்றால் 8.12 அங்கே 2.1 ஆகும். அங்கே 1 தான் உச்சம், 4 வரை பாஸ் என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அப்பா அந்த 2.1-ஐப் பார்த்து எனக்குத்தான் போன் போடுவார்.