பூட்டு மேல குத்தம் இல்ல, மேல் கீலைப் பாருங்க

அம்பாசமுத்திரத்துல எங்க ஆச்சி வீட்டு உள்ரூம் கதவு ரெண்டு வருசமா தாழ்ப்பாள் விழாம கெடந்துச்சு. கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சாத்தான் நாதாங்கில சேரும். தாழ்ப்பாளை மாத்துன்னு எல்லாரும் சொன்னாவ, நானும் டவுன்ல போயி புதுசு வாங்கிட்டு வந்துட்டேன். ஆனா ஆசாரி வந்து தாழ்ப்பாளைத் தொடவே இல்ல, கதவைப் பாதி தொறந்து ஓரத்தைத் தூக்கிப் பாத்தாவ, மேல் கீல் லொடலொடன்னு ஆடுச்சு.

ஏன் எப்பவும் மேல் கீலே போகுது? கணக்குப் போட்டுப் பாருங்க. கதவு 40 கிலோ, அகலம் 90 செ.மீ, ரெண்டு கீலுக்கும் நடுவுல 150 செ.மீ. எடை கதவோட நடுவுல, கீல்லேர்ந்து 45 செ.மீ தள்ளி நிக்குது. 40ஐ 45ஆல பெருக்கி 150ஆல வகுத்தா 12. அதாவது மேல் கீலை நிலைய விட்டு வெளிய பிடுங்குற மாதிரி 12 கிலோ இழுப்பு ராப்பகலா இருக்கு, கீழ் கீலை அதே 12 கிலோ உள்ள அழுத்துது. 20 கிலோ பிள்ளை ஒண்ணு கதவு ஓரத்தைப் பிடிச்சு ஊஞ்சலாடுனா இன்னொரு 12 கிலோ கூடிரும், அதனால பிள்ளையள தொங்க விடாதிய. கீல் 5 மி.மீ வெளிய வந்தாலே எதிர் ஓரம் 3 மி.மீ எறங்கிரும், தாழ்ப்பாள் தப்பிப் போக அது போதும்.

அதே வீட்டு முன்வாசல் கதவுக்கு கீலே கெடையாது, மேலயும் கீழயும் மரக்குடுமி குழில நின்னு சுத்துது. எடை நேரா கீழ்க்குழிக்குப் போயிருது, பிடுங்கிட்டு வர ஸ்க்ரூவே இல்ல. எனக்கு அந்தக் கதவுதான் ரொம்பப் பிடிக்கும்.

சரி, ஸ்க்ரூ ஓட்டை பெருசாயிட்டா தீக்குச்சி சொருகுறது கொஞ்ச நாளைக்குத்தான். ஓட்டையச் சுத்தமா துளைச்சு தேக்கு முளை ஒண்ணு பசை தடவி அடிக்கணும், அந்த முளையோட நார் ஸ்க்ரூவுக்குக் குறுக்க ஓடணும், நார் ஸ்க்ரூ போற தெசையிலயே இருந்தா மரை வெட்டுன நார் துண்டு துண்டா ஒடிஞ்சு பிடி விட்டுரும். பழைய இரும்பு ஸ்க்ரூவச் சுத்தி மரம் கறுத்திருக்கும், மரத்துல இருக்க டானின்ங்கிற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேந்த மை மாதிரிக் கறை அது. துரு, இரும்பை விட கூட எடம் அடைக்கும், அதான் நிலைல வெடிப்பு விழுது. பித்தளைக் கீலுக்கு இரும்பு ஸ்க்ரூ போட்டா ஈரத்துல இரும்பு இன்னும் சீக்கிரம் அரிக்கும், பித்தளை ஸ்க்ரூவே போடுங்க. ஆனா பித்தளை இரும்பளவுக்குக் கெட்டி இல்ல, திருகும்போதே தலை ஒடியும், மொதல்ல அதே அளவு இரும்பு ஸ்க்ரூவ ஏத்தி எறக்கி வழி பண்ணிட்டு பொறவு மாட்டுங்க.

லீவர் பூட்டு இறுகுனா தேங்காயெண்ண ஊத்தாதிய. உள்ள இருக்க லீவர்ங்கிற சின்னத் தகடு ஒவ்வொண்ணும் சாவி திருப்பும்போது சரியான உயரத்துக்கு எழும்பணும், கூடுனாலும் தொறக்காது, கொறைஞ்சாலும் தொறக்காது, 1778ல இங்கிலாந்துல ராபர்ட் பாரன்ங்கிறவர் பேட்டண்ட் வாங்குன யோசனை இது. எண்ணெயும் தூசியும் பிசுக்காயி லீவர் ஒட்டிக்கிட்டா சாவி நல்லா இருந்தும் பிரயோஜனமில்ல. பென்சில் கரியப் பொடி பண்ணிப் போடுங்க, கிராஃபைட்டு அடுக்கடுக்கா வழுக்கும்.

ஐப்பசி கார்த்திகை மழைல கதவு இறுகுச்சுன்னா மட்டும் எழைப்புளி எடுக்காதிய. மரம் ஈரம் குடிச்சு அகலவாக்குலதான் ஊதும், நீளத்துல அவ்வளவா மாறாது. உரசுற எடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சிட்டு மாசி வரைக்கும் பொறுங்க, அப்பவும் உரசுனா அந்தக் கோட்டளவு மட்டும் சீவுங்க.