பால் கொட்டிய கையில் முளைத்த செம்மொட்டுகள்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டாம் கட்டு அடுப்படியில் பால் சட்டியை இறக்கும்போது கைதவறி, கொதிக்கிற பால் அவருடைய அப்பத்தாவின் முன்கையில் கொட்டிவிட்டது. கொப்புளம் உடைந்து புண் ஆறி வந்த மூன்றாவது வாரத்தில், அதே இடத்தில் குன்றிமணி அளவில் ஏழெட்டுச் சிவப்பு மொட்டுகள். துண்டு உரசினாலே ரத்தம் வடிகிறது. ‘கெட்ட ரத்தம் வெளியேறட்டும்’ என்கிறார் ஓர் உறவினர். குதிரைவால் முடியைக் கட்டினால் உதிர்ந்துவிடும் என்கிறார் இன்னொருவர். புற்றுநோயோ என்று வீடே கலங்கியிருக்கிறது.

நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. ஆனாலும் அவர் சொல்லும் அடையாளங்கள் பயோஜெனிக் கிரானுலோமா என்ற தீங்கற்ற ரத்தநாளக் கட்டிக்குப் பொருந்துகின்றன. சூடுபட்ட தோலில் இப்படிப் பல மொட்டுகள் ஒரே சமயத்தில் முளைப்பது அரிது. ஆனால் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது, கொதிக்கும் பால் கொட்டியவர்களிடமும்கூட. ‘சீழ் உண்டாக்கும் கட்டி’ என்று பொருள்படும் அந்தப் பெயரே தவறு. உள்ளே சீழ் கிடையாது. 1897-இல் இதை முதலில் விவரித்த பிரெஞ்சு மருத்துவர்கள் போன்சேயும் டோரும், குதிரைகளுக்கு வரும் ஒரு பூஞ்சை நோய் மனிதருக்குத் தொற்றியதாக நினைத்தார்கள். பூஞ்சையும் இல்லை. நுண்ணோக்கியில் தெரிவது முழுக்க முழுக்கத் தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள், கொத்துக் கொத்தாக.

அத்தனை தந்துகிகள் எப்படி வந்தன? எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத இடம் இது. சூட்டில் தோலின் நுண்ணிய நாளங்கள் கருகிவிடுகின்றன. சுற்றியுள்ள செல்களுக்கு ஆக்சிஜன் போதவில்லை. ஒவ்வொரு செல்லும் ‘ஹிஃப்’ என்ற புரதத்தை ஓயாமல் தயாரிக்கிறது. ஆக்சிஜன் இருக்கும்வரை அது சில நிமிடங்களில் அழிக்கப்படுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பு நின்றுவிடும். புரதம் உட்கருவுக்குள் போய் ‘வெஜ்எஃப்’ என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்க வைக்கும். அது பக்கத்தில் பிழைத்திருக்கும் தந்துகியைத் தொட்டதும், உட்சுவரின் ஒரு செல் முன்னால் நகர்கிறது. இருட்டில் சுவரைத் தடவி நடப்பவரின் விரல்களைப் போல மெல்லிய நீட்சிகளை விட்டு வழி தேடுகிறது. அதே நேரத்தில் அடுத்திருக்கும் செல்களுக்கு, ‘நீங்கள் முன்னே வராதீர்கள், பின்னால் குழாய் கட்டுங்கள்’ என்று தொடுகையாலேயே சேதி சொல்கிறது. எதிரிலிருந்து வரும் மற்றொரு முனையைச் சந்தித்ததும் இரண்டும் இணைகின்றன, ரத்தம் ஓடுகிறது. ஆக்சிஜன் வந்ததும் ஹிஃப் மறுபடி அழிகிறது, உபரி நாளங்கள் சுருங்கி மறைகின்றன. ஆறிய புண்ணின் சிவப்பு நாளடைவில் மங்குவதற்கு இதுவும் காரணம்.

அப்பத்தாவின் கையில் இருப்பவை அந்த மொட்டுகள்தான் என்றால், அங்கே இந்தக் கடைசிப் படி நடக்கவில்லை. நாளங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, மேல்தோலைத் தள்ளிக்கொண்டு மொட்டாக எழுகின்றன. அடியில் தோல் சட்டைக் காலர் போலச் சுற்றியிருக்கும். உச்சியிலோ மெல்லிய சவ்வுதான். துண்டு உரசியதும் வடிவது உடலெங்கும் ஓடும் அதே நல்ல ரத்தம்.

செல் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காகக் கேலின், ராட்கிளிஃப், செமன்சா என்ற விஞ்ஞானிகள் மூவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த ஆய்வின் ஒரு தொடக்கப் புள்ளி, ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எப்படி அறிகிறது என்ற கேள்வி. தீப்புண்ணுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டு யாராவது நிதியை நிறுத்தியிருந்தால்? காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அடிப்படை ஆய்வுக்கு அப்படி அள்ளிக் கொடுப்பவர்கள் இன்று குறைந்துபோனது எனக்கு வருத்தம்.

குதிரைவால் முடி வேண்டவே வேண்டாம். ரத்தமும் நிற்காது, கிருமியும் தொற்றும். வடிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சூட்டுக்குப் பின் வரும் சிறு மொட்டுகள் பல தானாகவே சுருங்குவதும் உண்டு. இல்லாவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, சுரண்டி, அடியை மின்சூட்டால் பொசுக்குவார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நிறமியற்ற மெலனோமா என்ற தோல் புற்றுநோயும் சில நேரம் இதே தோற்றத்தில் வரும். நுண்ணோக்கிதான் இரண்டையும் பிரித்துச் சொல்லும்.