பேரரசரின் முகத்தை நகலெடுத்தது எப்படி?

கி.பி. 131 வாக்கில் ரோமப் பேரரசர் ஹேட்ரியனுக்கு அவருடைய ஆளுநர் அரியன் கருங்கடல் கரையிலிருந்து ஓர் அறிக்கை அனுப்பினார். கோட்டைகள், துறைமுகங்கள், காற்றின் போக்கு என்று அடுக்கும் அந்த அறிக்கையில், இன்றைய துருக்கியில் டிராப்சன் என்று அழைக்கப்படும் நகரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு குறையையும் எழுதுகிறார். அங்கே நிற்கும் உங்கள் சிலை கடலை நோக்கிக் கை நீட்டியிருக்கும் விதம் நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் அது உங்களைப் போல இல்லை, வேலைப்பாடும் அழகாக இல்லை, உங்கள் பெயருக்குத் தகுந்த வேறொரு சிலையை அனுப்பிவையுங்கள் என்பது அவருடைய வேண்டுகோள்.

எல்லைப்புறத்தைக் காக்கும் ஒரு படைத்தலைவருக்குச் சிலையின் சாயல் ஏன் ஒரு கவலையாக இருக்க வேண்டும்? பிரிட்டனிலிருந்து சிரியா வரை பரந்திருந்த அந்தப் பேரரசில், ஆள்பவரை வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் பார்க்காதவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். சந்தையிலும் வழக்கு நடக்கும் மண்டபத்திலும் படை முகாமிலும் பேரரசரின் இடத்தில் நின்றது அவருடைய உருவம்தான். புகைப்படமோ அச்சு இயந்திரமோ இல்லாத காலத்தில் ஒரே முகத்தை ஆயிரக்கணக்கான இடங்களில் நிறுத்த வேண்டியிருந்தது. ரோமின் கலையைப் பற்றிப் பேசும்போது நாம் கொலோசியத்தையும் வெற்றி வளைவுகளையும் வியக்கிறோம். என்னைக் கேட்டால், அந்தப் பேரரசின் மிகக் கெட்டிக்காரத்தனமான கலைச் சாதனை இந்த நகலெடுக்கும் ஏற்பாடுதான்.

அது நடந்த விதம் ஏறத்தாழ இப்படி. தலைநகரில் பேரரசரின் தலைக்கு ஒரு மூல வடிவம் உருவாகும். மூலம் எதுவும் இன்று கைவசம் இல்லை. மிஞ்சிய நகல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இவை அனைத்துக்கும் பின்னால் ஒரே மூலம் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். மூலத்திலிருந்து பிளாஸ்டர் வார்ப்புகள் எடுத்துப் பட்டறைகளுக்கு அனுப்பியிருப்பார்கள். ரோமச் சிற்பிகள் இப்படி வார்ப்புகளைப் பயன்படுத்தியதற்கு நேப்பிள்ஸ் அருகே பாயாவில் சான்று கிடைத்தது. அங்கே 1954-இல், புகழ்பெற்ற கிரேக்க வெண்கலச் சிலைகளிலிருந்து எடுத்த பிளாஸ்டர் வார்ப்புகளின் துண்டுகள் அகப்பட்டன. வார்ப்பில் மூக்கு நுனி, மோவாய், நெற்றி போன்ற இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடையிலான தூரங்களைக் கவராயத்தால் அளந்து, பளிங்குக் கல்லுக்கு மாற்றுவார்கள். வேலை முடியாமல் நின்றுபோன சில ரோமச் சிற்பங்களில் இந்த அளவுப் புள்ளிகள் சிறு குமிழ்களாக இன்றும் துருத்திக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு அளந்தாலும் முகம் சிற்பிக்குச் சிற்பி மாறிவிடும். கன்னம் கொஞ்சம் உப்பும், உதடு கொஞ்சம் மெலியும். மாறாமல் காப்பாற்ற எளிதான ஒன்று இருந்தது, அது நெற்றி முடி. கற்றைகள் எத்தனை, எது எந்தப் பக்கம் வளைகிறது, எங்கே பிரிகிறது என்பதையெல்லாம் எண்ணிச் செய்யலாம். முதல் பேரரசர் அகஸ்டஸின் புகழ்பெற்ற தலை வடிவத்தில் நெற்றிக்கு மேல் ஓரிடத்தில் இரண்டு கற்றைகள் கவையாகப் பிரியும். சற்றுத் தள்ளி இரண்டு கற்றைகள் ஒன்றையொன்று நோக்கி இடுக்கியாக வளையும். ஸ்பெயினில் கிடைத்தாலும் எகிப்தில் கிடைத்தாலும் அந்தக் கவையும் இடுக்கியும் இருந்தால் அது அகஸ்டஸ். பெயர் பொறித்த பீடம் தொலைந்துபோன தலைகளை இன்றைய தொல்லியலாளர்கள் முடிக் கற்றைகளை எண்ணித்தான் அடையாளம் காண்கிறார்கள். அகஸ்டஸின் தலைகள் மட்டும் 200-க்கும் மேல் கிடைத்துள்ளன. ஒரு காலத்தில் அவை 25,000 முதல் 50,000 வரை இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு.

உடல் தனிக் கதை. பல சிலைகளில் தலையைத் தனியே செதுக்கி, கழுத்துப் பகுதியில் குடைந்த குழியில் பொருத்தினார்கள். உடல்களோ கடையில் தைத்துத் தொங்கவிட்ட சட்டைகளைப் போல ஒருசில வகைகளுக்குள் அடங்கிவிடும். டோகா என்ற நீண்ட ரோம மேலாடை அணிந்த குடிமகன், அந்த டோகாவையே தலைக்கு மேல் முக்காடாக இழுத்துக்கொண்ட பூசாரி, மார்புக் கவசம் பூண்ட தளபதி, ஆடையின்றி நிற்கும் தெய்வ வீரன். எந்த உடலைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே ஒரு அறிவிப்பு.

1863-இல் ரோமுக்கு வடக்கே பிரிமா போர்ட்டாவில், அகஸ்டஸின் மனைவி லிவியாவின் மாளிகை இருந்த இடத்தில் தோண்டி எடுத்த சிலை, இந்த அறிவிப்புகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம் என்பதைக் காட்டுகிறது. இப்போது வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதன் உயரம் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். நிற்கும் நிலை, கிரேக்கச் சிற்பி பாலிக்ளீட்டஸின் ஈட்டி வீரனிடமிருந்து எடுத்தது. கால்கள் வெறுங்கால்கள், போர்க்கோலத்தில் செருப்பில்லாமல் நிற்பது தெய்வங்களுக்கும் வீர நாயகர்களுக்கும் உரியது. காலடியில் டால்பின் மேல் ஏறியிருக்கும் குட்டிக் காமன், அதாவது வீனஸின் மகன் கியூபிட், அகஸ்டஸின் குலம் வீனஸ் தேவியின் வழி வந்தது என்பதை நினைவூட்டுகிறான். கவசத்தின் நடுவில், ரோமின் கிழக்கு எல்லைப் பகைவர்களான பார்த்தியரில் ஒருவர் ரோமரிடம் ஒரு படைக்கொடியைத் திருப்பிக் கொடுக்கிறார். கி.மு. 53-இல் ரோமத் தளபதி கிராசஸ் அவர்களிடம் தோற்று இழந்த கொடிகள் அவை. கி.மு. 20-இல் திரும்ப வந்தது பேச்சுவார்த்தையால். போர் எதுவும் நடக்கவில்லை. ஆனால் கவசத்தில் வானமும் பூமியும் சாட்சியாக நிற்க, அது பிரபஞ்சமே கொண்டாடும் வெற்றியாகிவிட்டது.

அந்த முகத்துக்கு வயது ஏறவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அகஸ்டஸ் கி.பி. 14-இல் 75 வயதில் இறந்தார். அதுவரைக்கும் சிலைகளில் அவர் வாலிபர்தான். அவருடைய வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ், இடைவெளி விட்ட சிறிய சொத்தைப் பற்கள், ஒன்றோடொன்று சேரும் புருவங்கள், குள்ளமான உருவம் என்று ஒளிக்காமல் பட்டியல் போடுகிறார். இவற்றில் ஒன்றுகூடப் பளிங்கில் ஏறவில்லை. குடியரசுக் கால ரோமப் பிரமுகர்கள் சுருக்கங்களையும் வழுக்கையையும் பெருமையோடு செதுக்கிக்கொண்டவர்கள். அனுபவத்தின் சான்று அது. அகஸ்டஸ் அந்த மரபை விட்டு விலகி, கிரேக்கத் தெய்வங்களின் அமைதியான இளமையை எடுத்துக்கொண்டார். அதே ஆள், தம்முடைய ஏறத்தாழ 80 வெள்ளிச் சிலைகளை அகற்றி, அந்தப் பணத்தில் அப்போலோ கோயிலுக்குத் தங்கக் காணிக்கை செய்ததாகத் தம் சாதனைக் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறார். வெள்ளியில் நிற்பது தெய்வங்களுக்குச் செய்யும் மரியாதை என்பதால், அதை மறுப்பதும் நல்ல விளம்பரம்தான்.

எகிப்தில் மட்டும் இந்த விதிகள் செல்லாது. அங்கே டெண்டூர் கோயில் சுவர்களில் அகஸ்டஸ் மரபான பாரோவாக மகுடம் சூடி எகிப்தியத் தெய்வங்களுக்குப் படையல் இடுகிறார். முகச்சாயலும் இல்லை, முடிக் கற்றையும் இல்லை. மக்கள் எந்த மொழியில் அரசனைப் படித்துப் பழகியிருந்தார்களோ அந்த மொழியிலேயே அவரை எழுதிவிட்டார்கள்.

பளிங்கு போக முடியாத இடத்துக்கு நாணயம் போனது. உயிரோடு இருக்கும்போதே ரோம நாணயத்தில் முகம் பதித்த முதல் ரோமர் ஜூலியஸ் சீசர்; ஆண்டு கி.மு. 44. மன்னனாகத் துணிந்தார் என்று சொல்லி அவரைக் கொன்ற புரூட்டஸ், இரண்டே ஆண்டுகளில் தம் முகத்தையும் நாணயத்தில் அடித்துக்கொண்டார். பழக்கம் எவ்வளவு வேகமாகத் தொற்றியது பாருங்கள். பிறகு மலிவான ஓவியங்களும் பரவின. பின்னாளில் பேரரசரான மார்கஸ் ஆரேலியஸுக்கு அவருடைய ஆசிரியர் ஃப்ரோண்டோ எழுதிய ஒரு கடிதத்தில், பணம் மாற்றும் கடைகள், ஜன்னல்கள், தாழ்வாரங்கள் என எங்கு பார்த்தாலும் உன் படங்கள், பெரும்பாலும் மோசமாக வரைந்தவை என்கிறார்.

உருவம் ஆளுக்கு ஈடு என்றால் உருவத்துக்குச் செய்வது ஆளுக்குச் செய்வதாகும். கொடுமைக்கு ஆளான அடிமை பேரரசரின் சிலையிடம் ஓடி அடைக்கலம் கேட்கலாம். அகஸ்டஸுக்கு அடுத்து வந்த பேரரசர் டைபீரியஸ் காலத்தில் இது விபரீதமாகப் போனது. அகஸ்டஸின் சிலைக்கு அருகில் அடிமையை அடிப்பது, உடை மாற்றுவது, அவர் முகம் பதித்த நாணயத்தோடு கழிப்பறைக்குப் போவது எல்லாம் மரண தண்டனைக்குரிய குற்றங்களாயின என்கிறார் சூட்டோனியஸ். கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருப்பார். வம்பு அவருக்குப் பிடிக்கும்.

இதே தர்க்கத்தை எதிரிகளும் புரிந்துகொண்டார்கள். கி.மு. 25 வாக்கில் இன்றைய சூடான் பகுதியின் குஷ் அரசுப் படைகள் ரோமரின் எகிப்துக்குள் புகுந்து அஸ்வானைத் தாக்கிச் சீசரின், அதாவது அகஸ்டஸின், சிலைகளைக் கவிழ்த்தன என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். 1910-இல் தொல்லியலாளர் ஜான் கார்ஸ்டாங் குஷ் தலைநகர் மெரோயியில் தோண்டியபோது, ஒரு கோயிலின் படிக்கட்டுக்கு அடியில் அகஸ்டஸின் வெண்கலத் தலை ஒன்று புதைந்திருந்தது. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் அவரை மிதித்துச் செல்லும்படி வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததால் கண்ணாடியும் கல்லும் பதித்த கண்கள்கூட அப்படியே மிஞ்சின; தலை இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

புதுக்கோட்டை அருகே 1898-இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு விழுந்திருக்கிறது. இது மெரோயியைப் போன்ற பகை அல்ல. காசாகச் செல்லாமலாக்கி, எடைக்குத் தங்கமாக மட்டும் கொள்வதற்காக வெட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பேரரசின் எல்லைக்கு வெளியே அந்த முகத்துக்கு ஆணை செலுத்தும் உரிமை கிடையாது.

எல்லைக்கு உள்ளே, வெறுக்கப்பட்ட பேரரசர் ஒருவர் வீழ்ந்தால் அவருடைய ஆயிரக்கணக்கான முகங்களை என்ன செய்வது? சில உடைந்தன, சில கிடங்குக்குப் போயின, பல மறுபடி செதுக்கப்பட்டன. பளிங்கில் எதையும் சேர்க்க முடியாது, குறைக்கத்தான் முடியும். அதனால் சதைப்பிடிப்பான கன்னமும் அடர்ந்த முடியும் கொண்ட நீரோவின் தலை, பின்னர் வந்த வழுக்கைத் தலை வெஸ்பாசியனை உள்ளிருந்து வெட்டி எடுக்க வசதியாக இருந்தது. ஆனால் காதை நகர்த்த முடியாது. முகம் சுருங்கிய பிறகு பழைய காது பெரிதாகித் துருத்தி நிற்கும், பக்கவாட்டில் முகம் தட்டையாகத் தெரியும், பிடரியில் முந்தையவரின் முடி கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அருங்காட்சியகத்தில் ரோமப் பேரரசர் யாரையாவது பார்க்க நேர்ந்தால், நேரே நிற்காமல் பக்கத்தில் போய்க் காதையும் பிடரியையும் பாருங்கள்.

மறுசெதுக்கல் எப்போதும் பழிவாங்கலும் அல்ல. கி.பி. 315-இல் கான்ஸ்டன்டைனுக்கு எழுப்பிய வெற்றி வளைவில் டிராஜன், ஹேட்ரியன், மார்கஸ் ஆரேலியஸ் ஆகியோரின் புடைப்புச் சிற்பங்களைப் பெயர்த்துப் பதித்து, தலைகளை மட்டும் மாற்றினார்கள். நல்லாட்சி செய்தவர்கள் என்று பெயர் எடுத்த மூவரின் உடல்களைப் புதியவர் கடன் வாங்கிக்கொண்டார். இவற்றில் மார்கஸ் ஆரேலியஸ் பலகைகளில் இன்று தெரியும் பேரரசரின் தலைகள் அவருடையவையும் அல்ல, கான்ஸ்டன்டைனுடையவையும் அல்ல. 1730-களில் வளைவைப் பழுதுபார்த்தபோது பியெட்ரோ பிராச்சி என்ற சிற்பி புதிதாகச் செதுக்கிப் பொருத்தியவை.