புள்ளியைப் பார்த்தார், ஈரத்தைப் பார்க்கவில்லை

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற ஐப்பசியில் புதுக் கார் எடுத்தார். துணைக்கு வரச் சொன்னார், போனேன். ஷோரூம் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகள் டிங்கரிங், பெயின்டிங் வேலைகளை மேற்பார்த்தவன் நான். இப்போது வண்டி வாங்குகிறவர்களுக்காகப் போய்ப் பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு.

சாயங்காலம் ஐந்தரை மணி. மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டி தயாராக நின்றது. அப்போதுதான் கழுவியிருந்தார்கள். நனைந்த வண்டியில் கீறல் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் நிற பேதம் தெரியாது. நல்ல நேரம் பார்க்கிறவர்கள் பகல் நேரமாகப் பார்த்தால் என் வேலை பாதி குறையும்.

ஆசிரியரின் கண் இடது பின் கதவில் நின்றது. கைப்பிடிக்குக் கீழே, கடுகில் பாதி இருக்கும், சின்ன மேடு. பெயின்ட் காய்வதற்குள் தூசி விழுந்து உள்ளேயே தங்கிவிட்டது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. விற்பனைப் பிரிவுத் தம்பி உடனே, “ஒன்றும் கவலைப்படாதீர்கள் சார், நாளைக்கே கதவு முழுவதும் புதிதாகப் பெயின்ட் அடித்துத் தந்துவிடுகிறோம்” என்றார். ஆசிரியர் சமாதானமானார். நான்தான் வேண்டாம் என்றேன்.

காரணம் இருக்கிறது. தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும்போது வண்டி வெறும் இரும்புக்கூடு. அதை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டெடுப்பார்கள். பட்டறைக்கு வரும் வண்டியிலோ ஒயர், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் பூட்டியிருக்கும். 60, 70 டிகிரிக்கு மேல் போக முடியாது. பெயின்ட் வகையே வேறு. எவ்வளவு கைதேர்ந்தவர் அடித்தாலும் முதல் பூச்சின் உறுதி திரும்பி வராது. இரண்டு மூன்று வெயில் காலம் போனால் அந்தக் கதவு மட்டும் தனியாகத் தெரியவும் கூடும். விற்கப் போகும்போது, பெயின்ட்டின் தடிமனைக் காட்டும் அளவுமானி வைத்துப் பார்க்கிறவர், “இந்தப் பக்கம் அடிபட்டதா?” என்று கேட்டு விலையைக் குறைப்பார். கடுகில் பாதிக்காகக் கதவையே இழப்பானேன்? 2000 நம்பர் வாட்டர் பேப்பரால், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் மிக நைசான உப்புத்தாளால், மேட்டை மட்டும் தேய்த்து, பாலிஷ் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதையும் அனுபவசாலி செய்ய வேண்டும். தொழிற்சாலைப் பூச்சு எல்லா அடுக்கும் சேர்ந்தே 80 முதல் 150 மைக்ரான்தான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அதே அளவுமானியை நான் புதுக் காரிலும் வைத்துப் பார்ப்பேன். மற்ற பக்கங்கள் 110 காட்டும்போது ஒரு பக்கம் மட்டும் 250 காட்டினால், டிரெய்லரிலோ, வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டிலோ இடிபட்டு மறுபெயின்ட் அடித்திருக்கலாம். அதைச் சொல்லாமல் தருவது சின்னக் குறை அல்ல. அந்த வண்டியை மறுத்துவிடுங்கள்.

புள்ளிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது நான் முன்பக்கக் கால்மிதியைத் தூக்கி, கம்பளத்தில் விரலை அழுத்தினேன். நுனி நனைந்தது. கதவுக்குள் இறங்கும் தண்ணீர் அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேற வேண்டும். உட்பக்கம் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் ஓரிடத்தில் பிரிந்திருந்தால் அது வண்டிக்குள் வரும். கம்பளத்துக்கு அடியில்தான் ஒயர்கள் ஓடுகின்றன. முதலில் நாற்றம், பிறகு துரு, ஒரு வருடம் கழித்துக் காரணம் புரியாத மின்கோளாறு. ஆசிரியர் இதைக் கவனிக்கவே இல்லை. அன்று வண்டியை எடுக்கவில்லை. மாலை போட்ட வண்டியை விட்டுவிட்டுப் போவதில் அவர் மனைவிக்கு மனச்சங்கடம். நான்கு நாள் கழித்துத் தாளை ஒட்டி, கம்பளத்தைக் காயவைத்து, எங்கள் கண் முன்னால் மறுபடி தண்ணீர் அடித்துக் காட்டிய பிறகே எடுத்தார்கள்.

ஆனால் அதற்குள் பதிவு முடிந்து நம்பர் பிளேட் ஏறியிருந்தது. வேறு வண்டி கேட்கும் வாய்ப்பு அதோடு ஏறக்குறைய முடிந்தது. ஆகவே முழுப் பணம் கட்டிப் பதிவுக்கு அனுப்பும் முன், யார்டில் பகலில் பாருங்கள். வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்ணான சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, பில்லில் அதே எண் வருகிறதா என்று சரிபாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2225 என்றால் 2025ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் தயாரானது. பிரேக் டிஸ்க்கில் செம்பழுப்புத் துரு படிந்திருந்தால் பதற வேண்டாம், நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். முகப்பு விளக்கில் லேசான பனிமூட்டமும் அப்படித்தான். துளியாகத் தண்ணீர் நின்றால் விடாதீர்கள்.

எடுத்த பிறகு தெரியும் குறைகளுக்கு, பட்டறையில் அவற்றை எழுதிக்கொள்ளும் சீட்டான ஜாப் கார்டுதான் ஆதாரம். “சத்தம் வருகிறது” என்று எழுதினால், “பார்த்தோம், சரியாக உள்ளது” என்று மூடிவிடுவார்கள். நானே அப்படி மூடியிருக்கிறேன். “40 கிலோமீட்டர் வேகத்தில், மேடுபள்ளத்தில், வலது பின் கதவில் கடகடப்பு” என்று எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஜாப் கார்டு போட வையுங்கள். வாட்ஸ்அப்பில் பேசித் தீர்ப்பதோடு நிறுத்தாதீர்கள்.

“நுகர்வோர் நீதிமன்றம் போனால் புது வண்டியே கிடைக்குமாமே?” என்று பலர் கேட்கிறார்கள். அவ்வளவு சுலபமில்லை. பழுதான பாகத்தை மாற்றித் தர முடியும் என்றால் காரையே மாற்றச் சொல்ல முடியாது என்று 2006இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழுதையும் நிரூபிக்க வேண்டும். பார்வைக்குத் தெரியாததற்குப் பரிசோதனை அறிக்கை தேவைப்படும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு 1915 என்ற எண்ணில் புகார் சொல்லிப் பாருங்கள்.

ஆசிரியர் கடைசியில் அந்தப் புள்ளியைத் தேய்க்கவும் விடவில்லை. நாளைக்கு அந்த இடத்தில் பெயின்ட் உரிந்தால் வண்டியோடு வந்த குறை என்று காட்ட வேண்டுமே என்பதற்காக, “இடது பின் கதவு, கைப்பிடிக்குக் கீழே தூசி மேடு, சரிசெய்யப்படவில்லை” என்று டெலிவரிச் சீட்டில் எழுதி வாங்கினார். அதிலிருந்த எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.